பால் வண்டியில் எத்தனை கேன் ஏற்றலாம்? லிட்டரை கிலோவாக்கி எடை வரம்பைக் கணக்கிடுவது எப்படி?

காலைப் பால் ஏற்றிய வண்டி பாதி வழியில் நிறுத்தப்படுகிறது. எடை போடுகிறார்கள். அனுமதித்த எடையைவிடக் கூடுதல். "கூடுதல் சுமையை இறக்கிவிட்டு வண்டியை எடுங்கள்" என்கிறார் அதிகாரி. செங்கல் வண்டி என்றால் ஓரமாக இறக்கி வைத்துவிட்டு, மாலையில் வந்து எடுத்துக்கொள்ளலாம். நெல் மூட்டை என்றால் தார்ப்பாய் போட்டு மூடலாம். பாலை எங்கே இறக்குவது? வெயில் ஏறிக்கொண்டே இருக்கிறது. இரண்டு மணி நேரம் கழித்து வண்டி பண்ணைக்குப் போய்ச் சேரும்போது அந்தப் பால் கொதிக்க வைத்தாலே திரிந்துவிடும் நிலையில் இருக்கும்.

அதனால்தான் பால் ஏற்றுவோர் எடைக் கணக்கைச் சாலையில் போடக் கூடாது, ஏற்றும் இடத்திலேயே போட வேண்டும். சங்கத்துக்குப் பால் ஊற்றுபவராக இருந்தாலும், சங்கச் செயலாளராக இருந்தாலும், சொந்தமாகக் குட்டி யானை வைத்துப் பால் எடுப்பவராக இருந்தாலும், டேங்கர் வாடகைக்கு விடுபவராக இருந்தாலும் இந்தக் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு தாளும் பேனாவும் இருந்தால் பத்து நிமிடத்தில் போட்டுவிடலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 113-ஆவது பிரிவு இதற்கு அடிப்படை. பதிவுச் சான்றில் (ஆர்.சி.) குறிப்பிட்டிருக்கும் மொத்த எடையைத் தாண்டி எந்தச் சரக்கு வண்டியையும் பொதுச் சாலையில் ஓட்டக் கூடாது. மொத்த எடை என்பது வண்டியின் எடையும் சுமையின் எடையும் சேர்ந்தது. சரக்கு எது என்று இந்தப் பிரிவு பார்ப்பதில்லை. மணலுக்கும் பாலுக்கும் ஒரே அளவுகோல்தான். "பால் அவசரப் பொருள், விட்டுவிடுவார்கள்" என்று நம்பி ஏற்றுவதற்குச் சட்டத்தில் இடமில்லை.

114-ஆவது பிரிவு எடை போடும் அதிகாரத்தைப் பற்றியது. கூடுதல் சுமை என்று சந்தேகம் வந்தால், அதிகாரம் பெற்ற அலுவலர் வண்டியை எடை மேடைக்கு ஓட்டிவரச் சொல்லலாம். வண்டி போகும் வழியில் 10 கிலோமீட்டருக்குள்ளோ, போய்ச் சேரும் இடத்திலிருந்து 20 கிலோமீட்டருக்குள்ளோ இருக்கும் எடை மேடைக்கு நீங்கள் போயாக வேண்டும். எடை கூடுதலாக இருந்தால், அதை இறக்கும்படி எழுத்துமூலம் உத்தரவிடலாம். இறக்கும்போது பொருளுக்கு ஏதாவது ஆனால் அந்தப் பொறுப்பும் வண்டிக்காரருடையதே.

194-ஆவது பிரிவு தண்டனையைச் சொல்கிறது. 2019-இல் சட்டம் திருத்தப்பட்டு, அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் தொகை பல மடங்கு கூடியது.

- கூடுதல் சுமைக்கு அபராதம் ரூ.20,000. அதற்கு மேல், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் ரூ.2,000.
- சுமையை இறக்கும் செலவும் உங்களுடையது.
- கூடுதல் சுமையை இறக்கும் வரை வண்டி நகரக் கூடாது.
- நிறுத்தச் சொல்லியும் நிற்காமலோ, எடை போட மறுத்தோ போனால் அபராதம் ரூ.40,000.

திருத்தத்துக்கு முன்பு இதே குற்றத்துக்குக் குறைந்தபட்ச அபராதம் ரூ.2,000-மும் டன்னுக்கு ரூ.1,000-மும்தான். "போன தடவை இரண்டாயிரம் கட்டினேன்" என்று பழைய அனுபவத்தை வைத்துத் துணிந்து ஏற்றுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொரு விஷயம் சங்கங்களுக்கு முக்கியமானது. இந்தப் பிரிவு ஓட்டியவரை மட்டும் குறிக்கவில்லை. அப்படி ஓட்ட வைத்தவர், ஓட்ட அனுமதித்தவர் ஆகியோரும் இதற்குள் வருகிறார்கள். ஓட்டுநர் வேறு, உரிமையாளர் வேறு என்றால், உரிமையாளருக்குத் தெரிந்தே நடந்தது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளவும் 113-ஆவது பிரிவில் வழி உண்டு. "டிரைவர் ஏற்றிவிட்டான், எனக்குத் தெரியாது" என்பது எளிதாகச் செல்லுபடியாகாது. சரக்கு வண்டியில் கூடுதல் சுமை ஏற்றியதற்காக ஓட்டுநரின் உரிமத்தைக் குறிப்பிட்ட காலத்துக்கு நிறுத்தி வைக்கவும் விதிகளில் இடம் உண்டு. மூன்று மாதம் உரிமம் இல்லை என்றால், அந்த ஓட்டுநர் குடும்பத்தின் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

உங்கள் வண்டியின் வரம்பு எங்கே இருக்கிறது?

வேறு எங்கும் தேட வேண்டாம். ஆர்.சி.யை எடுங்கள். அதில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று, 'அன்லேடன் வெயிட்', அதாவது வெற்று வண்டியின் எடை. மற்றொன்று 'லேடன் வெயிட்' அல்லது 'கிராஸ் வெஹிக்கிள் வெயிட்', அதாவது சுமையோடு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை. கையில் ஆர்.சி. இல்லையென்றால் எம்-பரிவாகன் செயலியிலும் பார்க்கலாம்.

மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் வருவது நீங்கள் ஏற்றக்கூடிய எடை. ஆனால் அது முழுவதும் பாலுக்கு இல்லை. வெற்று எடையில் ஓட்டுநர், உதவியாளர் எடை சேராது. அதையும் கழிக்க வேண்டும்.

பெரிய லாரிகளுக்கு ஒரு தகவல். மத்திய அரசு 2018 ஜூலை 16 அன்று வெளியிட்ட அறிவிக்கையில் அச்சு எடை வரம்புகளை உயர்த்தியது. நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 டன் ஆனது. இரட்டை அச்சுக்கு 19 டன்னாக இருந்தது 21 டன் ஆனது. அதையொட்டி, ஆறு சக்கர லாரியின் மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாகவும், பத்து சக்கர லாரியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாகவும் உயர்ந்தது.

இதைக் கேள்விப்பட்டவுடன் எல்லா லாரிக்கும் இரண்டு டன் கூடுதல் என்று நினைத்துவிட வேண்டாம். சாலையில் பார்ப்பது உங்கள் ஆர்.சி.யில் அச்சடித்திருக்கும் எண்ணைத்தான். பழைய லாரியின் ஆர்.சி.யில் 16,200 கிலோ என்று இருந்தால், உங்கள் வரம்பு 16,200 கிலோதான்.

ஒரு லிட்டர் பால் ஒரு கிலோ இல்லை

பெரும்பாலான தவறு இங்கேதான் தொடங்குகிறது. நாம் பாலை லிட்டரில் அளக்கிறோம். சட்டம் கிலோவில் பார்க்கிறது. இரண்டும் ஒன்று என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால் தவறிவிடும்.

சங்கத்தில் லாக்டோமீட்டர் போடுவதைத் தினமும் பார்த்திருப்பீர்கள். அது 28 காட்டினால், ஒரு லிட்டர் பாலின் எடை 1.028 கிலோ. 30 காட்டினால் 1.030 கிலோ. பால் தண்ணீரைவிடக் கனமானது. எடைக் கணக்குக்கு ஒரு லிட்டருக்கு 1.03 கிலோ என்று வைத்துக்கொள்வது வசதி.

ஒரு லிட்டருக்கு 30 கிராம்தானே என்று தோன்றும். 10,000 லிட்டர் டேங்கரில் அது 300 கிலோ ஆகிவிடும்.

இதோடு பாத்திரத்தின் எடையும் சேரும். 40 லிட்டர் கேன் ஒன்றில் நிரம்பப் பால் இருந்தால் பால் மட்டும் 41.2 கிலோ. காலி கேன், மூடியோடு சேர்த்து, 8 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஆக, நிரம்பிய கேன் 49.2 கிலோ. ஏறக்குறைய 50 கிலோ சிமென்ட் மூட்டை. கேன் அலுமினியமா, எவர்சில்வரா என்பதைப் பொறுத்து காலி எடை மாறும். உங்கள் சங்கத்துக் கேனைத் தராசில் வைத்துப் பார்த்து அந்த எடையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பாக்கெட் பால் எடுத்துச் செல்பவர்களுக்கு: அரை லிட்டர் பாக்கெட் 24 அடுக்கிய ஒரு டப்பில் 12 லிட்டர். பால் 12.36 கிலோ. டப்பின் எடை, கவரின் எடை எல்லாம் சேர்த்தால் சுமார் 14.5 கிலோ வரும். ஐஸ் கட்டி போட்டால் அதுவும் சுமைதான்.

கணக்கு 1: குட்டி யானையில் எத்தனை கேன்?

உங்கள் ஆர்.சி.யில் மொத்த எடை 1,550 கிலோ, வெற்று எடை 800 கிலோ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

- 1,550 - 800 = 750 கிலோ
- ஓட்டுநரும் உதவியாளரும்: 130 கிலோ
- பாலுக்கும் கேனுக்கும் மிச்சம்: 620 கிலோ
- ஒரு கேன் 49.2 கிலோ என்றால்: 12 கேன் (590 கிலோ)

ஆக 12 கேன், 480 லிட்டர். அதற்கு மேல் ஒரு கேன் வைத்தாலும் வரம்பு தாண்டும்.

இதே வண்டிக்குப் பலர் போடும் கணக்கைப் பாருங்கள். "முக்கால் டன் வண்டி. கேனுக்கு 40 கிலோ. 750-ஐ 40-ஆல் வகுத்தால் 18 கேன்." இந்தக் கணக்குப்படி ஏற்றினால் கேன்கள் மட்டும் 885 கிலோ. ஆட்களோடும் வண்டியோடும் சேர்த்தால் 1,815 கிலோ. அனுமதியைவிட 265 கிலோ கூடுதல்.

பணக் கணக்கையும் பாருங்கள். கூடுதலாக ஏற்றிய 6 கேன் என்பது 240 லிட்டர். லிட்டர் ரூ.35 என்று வைத்தால் அதன் மொத்த மதிப்பே ரூ.8,400. பிடிபட்டால் அபராதம் ரூ.20,000-இல் தொடங்குகிறது. ஏற்றிய பாலின் விலையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இன்னொரு நடை போய்வர ஆகும் டீசல் செலவு இதில் ஒரு சிறு பங்குகூட இருக்காது.

பாக்கெட் பால் டப்புக்கும் இதே 620 கிலோதான். 14.5-ஆல் வகுத்தால் 42 டப். டப்புக்கு 12 கிலோ என்று போட்டு 62 டப் அடுக்கினால் ஏறக்குறைய 900 கிலோ ஆகிவிடும்.

கணக்கு 2: டேங்கரில் எத்தனை லிட்டர்?

ஆறு சக்கர லாரி. ஆர்.சி.யில் மொத்த எடை 18,500 கிலோ. குளிர் காக்கும் டேங்க் பொருத்திய பிறகு வெற்று எடை 7,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுநர், கிளீனர் 150 கிலோ.

- 18,500 - 7,500 - 150 = 10,850 கிலோ
- 10,850-ஐ 1.03-ஆல் வகுத்தால் சுமார் 10,530 லிட்டர்

இந்த லாரிக்கு 10,500 லிட்டர் பாதுகாப்பான அளவு. இதில் 12,000 லிட்டர் டேங்க் பொருத்தி முழுக்க நிரப்பினால் பால் 12,360 கிலோ. மொத்தம் 20,010 கிலோ. ஒன்றரை டன் கூடுதல்.

இதே லாரியின் ஆர்.சி.யில் பழைய 16,200 கிலோ இருந்தால் ஏற்றக்கூடியது சுமார் 8,300 லிட்டர்தான். டேங்கர் வாங்குபவர்கள், வாடகைக்கு எடுப்பவர்கள் 'எத்தனை லிட்டர் டேங்க்' என்று கேட்பதோடு நிறுத்திவிடக் கூடாது. ஆர்.சி. எடைக்கு அந்த டேங்க் பொருந்துமா என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும். டேங்க், குளிர்பெட்டி, தடித்த பக்கவாட்டுப் பாடி என்று எதைப் பொருத்தினாலும் அதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முறைப்படி பதிவு செய்யுங்கள். பதிவு செய்யாமல் மாற்றினால் வெற்று எடையிலேயே சிக்கல் வரும்.

கடைசி ஊரில் வரும் தகராறு

கேன் வண்டி பல ஊர்களில் நின்று பால் எடுத்துக்கொண்டு போகும். முதல் ஊரில் வண்டி லேசாக இருக்கும். போகப் போகக் கனமாகும். வரம்பு தாண்டுவது எப்போதும் கடைசியில் உள்ள ஊர்களில்தான்.

ஒரு பிக்கப் வண்டியில் 26 கேன் ஏற்றலாம் என்று வைத்துக்கொள்வோம். வழியில் நான்கு ஊர்கள். முறையே 8, 7, 6, 5 கேன். மொத்தம் 26. சரியாக இருக்கிறது. மழை பெய்து பசுந்தீவனம் கிடைக்கத் தொடங்கியதும் ஒவ்வோர் ஊரிலும் இரண்டு கேன் கூடுகிறது. 10, 9, 8, 7. மூன்றாவது ஊரிலேயே 27 ஆகிவிட்டது. நான்காவது ஊரின் 7 கேனுக்கு இடமே இல்லை.

அப்போது நடப்பது என்ன? ஓட்டுநர் மனமிரங்கி எப்படியாவது ஏற்றுவார். அல்லது "நாளைக்குப் பார்க்கலாம்" என்று விட்டுப் போவார். ஏற்றினால் சட்டச் சிக்கல். விட்டால் அந்த ஊர்க்காரர்களின் பால் வீண். இரண்டிலும் அடிபடுவது கடைசி ஊர் விவசாயிதான். அவர் மற்றவர்களைவிட அதிகமாக ஒன்றும் ஊற்றிவிடவில்லை. வழித்தடத்தின் கடைசியில் அவர் ஊர் இருக்கிறது, அவ்வளவுதான்.

இதற்கு வழி உண்டு. பால் கூடும் மாதங்களின் அளவை வைத்து வழித்தடத்தை வகுக்க வேண்டும். கோடைக்கால அளவை வைத்து வகுத்தால் மழைக்குப் பின் இந்தத் தகராறு நிச்சயம். கூடுதல் மாதங்களுக்கு இரண்டாவது நடை, அல்லது வழித்தடத்தை இரண்டாகப் பிரிப்பது, அல்லது பக்கத்து ஊரில் பி.எம்.சி. இருந்தால் அங்கே இறக்கிக் குளிர வைத்துவிட்டு டேங்கரில் அனுப்புவது என்று முன்கூட்டியே முடிவெடுங்கள். பி.எம்.சி. உள்ள இடத்தில் கேன் எடையே மிச்சம். 26 கேன் என்றால் காலிக் கேன் எடை மட்டும் 208 கிலோ.

ஒப்பந்தத்திலேயே ஓட்டை இருக்கலாம்

வண்டி வாடகை எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று உங்கள் சங்கத்தில் கேட்டுப் பாருங்கள். லிட்டருக்கு இவ்வளவு என்று வாடகை பேசினால், ஒரே நடையில் எவ்வளவு அதிகம் ஏற்றுகிறாரோ அவ்வளவு லாபம் வண்டிக்காரருக்கு. கூடுதல் சுமைக்கு நாமே காசு கொடுத்துத் தூண்டுவது போல ஆகிவிடும். கிலோமீட்டருக்கு அல்லது நடைக்கு இவ்வளவு என்று பேசி, ஒரு நடைக்கு அதிகபட்சம் இத்தனை கேன் என்று எண்ணையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அபராதம் வந்தால் யார் கட்டுவது, பால் கெட்டால் யார் ஈடுசெய்வது என்பதையும் எழுதிவிடுங்கள். எழுதாத செலவு கடைசியில் உறுப்பினர்களின் தலையில்தான் விழும். பேரவைக் கூட்டத்தில் இதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

மொத்த எடை சரி, ஆனால் பின் அச்சு?

மொத்த எடை வரம்புக்குள் இருந்தாலும், எல்லாச் சுமையும் பின்பக்கம் இருந்தால் பின் அச்சு வரம்பைத் தாண்டிவிடும். கேன் வண்டியில் முதலில் முன்பக்கத்திலிருந்து அடுக்கிக்கொண்டு வாருங்கள். பாதிச் சுமை என்றால் பின்கதவருகே குவிக்காமல் பரவலாக வையுங்கள். இரண்டு, மூன்று அறைகள் உள்ள டேங்கரில் பின் அறையை மட்டும் நிரப்பி ஓட்டாதீர்கள்.

டேங்கரில் இன்னோர் ஆபத்து உண்டு. எடை பயந்து டேங்கைப் பாதி மட்டும் நிரப்பினால், உள்ளே பால் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அலையடிக்கும். வளைவில் பால் ஒருபக்கம் சாய, வண்டியும் அந்தப் பக்கம் சாயும். திடீரென்று பிரேக் பிடித்தால், வண்டி நின்ற பிறகும் பால் முன்னே மோதித் தள்ளும். சுத்தம் செய்ய வசதியாகப் பல பால் டேங்க்குகளில் உள்ளே தடுப்புத் தகடுகள் இருப்பதில்லை என்பதால் இந்த அலை இன்னும் பலமாக இருக்கும். ஆகவே, ஆர்.சி. எடைக்குப் பொருத்தமான அளவுள்ள டேங்க்கை வாங்கி அதை நிரப்பி ஓட்டுவதே நல்லது. குறைவான பால் எடுக்கும் நாட்களில், அறைகள் உள்ள டேங்கர் என்றால் சில அறைகளை முழுக்க நிரப்பி, மற்றவற்றை முழுக்கக் காலியாக விடுங்கள். எந்த அறைகள் என்பதை அச்சு எடை பார்த்து முடிவு செய்யுங்கள்.

உங்கள் ஊர்ச் சாலைக்கும் இதில் பங்கு உண்டு

பால் வண்டி தினமும் இரு வேளை உங்கள் ஊர்ச் சாலையில்தான் போகிறது. கிராமச் சாலைகள் நெடுஞ்சாலை அளவுக்குத் தடிமனாகப் போடப்படுவதில்லை. அச்சு எடை கொஞ்சம் கூடினாலும் சாலையின் தேய்மானம் பல மடங்கு கூடும். 1950-களின் இறுதியில் அமெரிக்காவில் நடந்த பெரிய சாலைச் சோதனையிலிருந்து பொறியாளர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அச்சு எடை எத்தனை மடங்கோ, அதை நான்கு முறை பெருக்கினால் வருவது ஏறக்குறைய சாலையின் சேதம். 20 சதவீதம் கூடுதல் எடை என்றால் சேதம் இரண்டு மடங்கு. 50 சதவீதம் என்றால் ஐந்து மடங்கு.

சாலை குண்டும் குழியுமானால் முதலில் வராமல் போவது பால் வண்டிதான். அப்புறம் பேருந்து. மழைக்காலத்தில் கேனைத் தலையில் தூக்கிக்கொண்டு மெயின் ரோடு வரை நடந்தவர்களுக்கு இது புரியும்.

வண்டிக்கும் இதே கதை. மேலே சொன்ன 18 கேன் குட்டி யானையில் மொத்த எடை அனுமதியைவிட 17 சதவீதம் கூடுதல். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் பிரேக் அத்தனை சதவீதம் கூடுதல் வேலை செய்ய வேண்டும். டயர் சூடாகும், வில்பட்டை தளரும். விபத்து நடந்து, கூடுதல் சுமை இருந்தது தெரியவந்தால், காப்பீட்டுத் தொகை கேட்கும்போது அதுவே பெரிய கேள்வியாக வந்து நிற்கும்.

வழியில் நிறுத்தினால் என்ன செய்வது?

- வண்டியை நிறுத்துங்கள். தப்பித்துப் போக முயன்றால் அபராதம் இரண்டு மடங்கு.
- ஆர்.சி., காப்பீடு, தகுதிச் சான்று, ஓட்டுநர் உரிமம், சங்கம் கொடுத்த பால் அனுப்புச் சீட்டு எல்லாவற்றையும் காட்டுங்கள். எத்தனை கேன், எத்தனை லிட்டர், எப்போது ஏற்றியது என்பது சீட்டில் இருக்கட்டும்.
- எடை போட்டால் எடைச் சீட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.
- உடனே சங்கத்துக்கும் பண்ணைக்கும் போன் செய்யுங்கள். கூடுதல் கேன்களை மாற்ற இன்னொரு வண்டியை வரச் சொல்லுங்கள். இதற்கென்று ஒரு வண்டிக்காரரின் எண்ணை ஓட்டுநரிடம் முன்பே கொடுத்து வையுங்கள்.
- காத்திருக்கும் நேரத்தில் கேன்களை நிழலில் வையுங்கள். ஈரச் சாக்கு போட்டு மூடுங்கள். குளிர்விக்காத பாலில் கிருமிகள் ஒவ்வொரு மணி நேரமும் பெருகும். கறந்த இரண்டு, மூன்று மணி நேரத்துக்குள் 4 டிகிரிக்குக் குளிர்விப்பதே நல்லது.
- டேங்கர் பாலைச் சாலையோரத்தில் கண்ட குழாய் வைத்து மாற்றாதீர்கள். உணவுக்கு உகந்த குழாயோடு பண்ணையின் வண்டி வந்து மாற்றட்டும்.
- பாலை ஓடையிலோ குளத்திலோ ஊற்றாதீர்கள். பால் தண்ணீரிலுள்ள உயிர்க்காற்றை உறிஞ்சி மீன்களைக் கொன்றுவிடும்.

அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பால் வண்டிக்குத் தனிச் சலுகை எங்காவது உண்டா?
அமெரிக்காவில் உண்டு. அங்கே மாநிலங்களுக்கு இடையிலான நெடுஞ்சாலையில் பொதுவான வரம்பு 80,000 பவுண்டு, அதாவது சுமார் 36.3 டன். 2015-இல் வந்த சட்டத்தில், திரவப் பாலைப் பிரிக்க முடியாத சரக்காகக் கருதி, அதற்கு மேல் ஏற்றவும் மாநிலங்கள் சிறப்பு அனுமதி கொடுக்கலாம் என்று சேர்த்தார்கள். பாலைப் பாதி வழியில் இறக்க முடியாது என்ற அதே சிக்கல்தான் காரணம். நம் நாட்டில் 113-ஆவது பிரிவில் அப்படிப் பாலுக்கு விலக்கு இல்லை. ஆர்.சி. எடைக்குள்தான் ஓட்ட வேண்டும்.

சிறிய வண்டிக்கு பெர்மிட் வேண்டுமா?
மொத்த எடை 3,000 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டிக்கு 66-ஆவது பிரிவின்படி பெர்மிட் தேவையில்லை. பெர்மிட் வேண்டாம் என்பதால் எடை வரம்பும் இல்லை என்று எண்ண வேண்டாம். அது எல்லா வண்டிக்கும் உண்டு.

கார் லைசென்ஸ் வைத்துப் பால் வண்டி ஓட்டலாமா?
மொத்த எடை 7,500 கிலோ வரை உள்ள வண்டி இலகு ரக வாகனம். அந்த உரிமம் உள்ளவர் இந்த எடைக்குள் உள்ள சரக்கு வண்டியையும் ஓட்டலாம், தனியாகப் பதிவு வாங்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. அதற்கு மேற்பட்ட எடையுள்ள லாரி, டேங்கருக்குக் கனரக உரிமம் தேவை.

பைக்கில் இரண்டு கேன் கட்டி எடுத்துப் போகிறேன். அதற்கும் இந்தக் கணக்கு பொருந்துமா?
40 லிட்டர் கேன் இரண்டு என்றால் 98 கிலோ. உங்கள் எடையையும் சேருங்கள். பைக்கோடு வந்த கையேட்டில் உள்ள அதிகபட்சச் சுமையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சிறிய கேன்களாகப் பிரித்து, இரு பக்கமும் சமமாகக் கட்டுவது நல்லது.

இன்றே செய்ய வேண்டியவை

1. ஆர்.சி.யில் உள்ள இரண்டு எடைகளையும் குறித்துக்கொள்ளுங்கள்.
2. வண்டியை ஒருமுறை காலியாகவும், ஒருமுறை வழக்கமான பால் சுமையோடும் அருகிலுள்ள எடை மேடையில் ஏற்றி எடை போடுங்கள். ஆர்.சி.யில் உள்ள வெற்று எடைக்கும் எடை மேடை காட்டும் எடைக்கும் வித்தியாசம் இருந்தால், கூடுதலாகப் பொருத்தியது எது என்று பாருங்கள்.
3. காலி கேன், காலி டப் ஒன்றை எடை போடுங்கள்.
4. இந்தக் கட்டுரையில் உள்ளபடி கணக்குப் போட்டு, 'இந்த வண்டிக்கு அதிகபட்சம் இத்தனை கேன்' என்று எழுதி வண்டியின் உள்ளேயும் சங்கத்தின் சுவரிலும் ஒட்டுங்கள்.
5. பால் கூடும் மாதம் வரும் முன்பே இரண்டாவது நடைக்கோ, மாற்று வழித்தடத்துக்கோ ஏற்பாடு செய்யுங்கள்.

நான்காவது வேலையை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். சுவரில் எண் எழுதியிருந்தால், "இன்னும் ரெண்டு கேன்தானே, ஏத்துப்பா" என்று கேட்பவரிடம் ஓட்டுநர் வாய்ச்சண்டை போட வேண்டியதில்லை. சுவரைக் காட்டினால் போதும். விடியற்காலையில் எழுந்து கறந்த பால் கெடாமல் பண்ணைக்குப் போய்ச் சேரும்.